சீல் பிரிக்காத டார்ச்

என் அப்பா வீரபத்திரன் 2008 டிசம்பர் 4, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு இறந்தார். சின்ன காஞ்சிபுரத்தில், வேணுகோபால் என்பவர் வீட்டுத் தறிக்குழியில். அன்று எட்டிலிருந்து பத்து வரை மின்வெட்டு. கரண்ட் வந்த நொடியில் போனார். அப்போது அவர் கையில் ஓர் எல்.இ.டி. டார்ச் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவள் நான்.

அதே மாடல் டார்ச் இந்த ஊரில் இன்னும் சில வீடுகளில் சுவரில் செருகியபடி இருக்கிறது. இன்னோர் ஆள் கையில் அது அப்படி எரியக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த டார்ச்சைப் பற்றிச் சொல்ல முடியாது.

அப்பா பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைப் பாவு என்போம். ஒரு பாவில் மூன்று பட்டுப்புடவை நெய்யலாம். அது தீர்ந்ததும் புதுப் பாவு வரும். தறியில் மிச்சம் நிற்கும் பழைய நுனிகளோடு புது நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் இழை. முடிச்சுப் போட முடியாது, இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சில் மாட்டிக்கொள்ளும். விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே திருகு. அவ்வளவுதான் பிடிமானம். ஒரு பாவுக்கு அப்பாவுக்கு ஒன்றரை நாள் ஆகும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து சைக்கிளில் ஊர் முழுக்கப் போவார். ஒரு மஞ்சள் பை, அதில் சாம்பல் டப்பா, புகையிலை, ஒரு துண்டு. கூப்பிட்ட வீட்டில் தறி பல நாளாகச் சும்மா கிடக்கும். தறிக்கு அடியில் வெட்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். நெசவுக்காரர்களுக்கு அவசரம். தறி நின்றால் வீடே நின்ற மாதிரி.

"எப்பணா முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"ஐயாயிரம் இருக்குதுபா. நீ கேட்டதுல கை தப்பி நாலு போச்சு. இப்ப ஐயாயிரத்து நாலு. இன்னும் கேளு."

அவர் தொழிலில் ஒரு விதி வைத்திருந்தார். அவர் பிணைத்த பாவு நெய்து தீரும்வரை அது அவர் பொறுப்பு. நடுவில் ஓர் இழை நழுவினாலும் சொல்லி அனுப்பலாம், வந்து சரிசெய்வார். கூலி கிடையாது. ஊரில் மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. "பிணைச்சவன்தான் பாக்கணும். வேற கை பட்டா எங்க தப்புன்னு எப்படித் தெரியும்?" என்பார். ஒரு கம்பெனி ஒரு வருட வாரண்டி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தபோது அதையும் இதே மாதிரி எடுத்துக்கொண்டார். இதைச் சொல்லாவிட்டால் பிறகு அவர் செய்தது யாருக்கும் புரியாது.

தறி வீடுகளில் வெளிச்சம் குறைவு. வாசலில் இருந்து கொஞ்சம் வரும். கூரையில் ஒரு டியூப்லைட். அது பாவின் மேல்பக்கத்துக்குப் போதும். பாவுக்கு அடியில், குழிக்குள், நிழல்தான். கீழ் இழைகளை அடியிலிருந்து பார்த்தால்தான் விட்டுப்போனது தெரியும். பட்டு நூல் பக்கத்தில் மெழுகுவத்தியோ தீக்குச்சியோ அப்பா விடமாட்டார். அதனால் டார்ச். இரண்டு செல் போடும் பழைய இரும்பு டார்ச் ஒன்று முப்பது வருடமாக வைத்திருந்தார். மஞ்சள் வெளிச்சம். ஐம்பத்தாறு வயதில் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. அந்த வெளிச்சத்தில் அவருக்குக் கறுப்பும் அரக்கும் ஒன்றாகத் தெரிந்தன.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் சார்ஜர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவேன். என் மேஜை கடைசி மேஜை. விற்று, கெட்டு, திரும்பி வரும் சார்ஜர்களைப் பார்த்துக் காரணம் எழுதுவது என் வேலை. முதலில் சீலைப் பார்க்க வேண்டும். திருகாணியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு காகிதம். அது கிழிந்திருந்தால் உள்ளே பார்க்கத் தேவையில்லை. "வாரண்டி இல்லை" என்று எழுதி ஓரமாகப் போடுவேன். ஒரு நாளைக்கு நாற்பது பார்ப்பேன்.

2008 ஜூனில், பெரிய காஞ்சிபுரத்தில் கலியாணசுந்தரத்தின் எலக்ட்ரிக்கல் கடைக்கு அப்பாவை அழைத்துப் போனேன். அவர் ஒரு வெள்ளை டார்ச்சை எடுத்து அப்பா முகத்தில் அடித்தார். ஒன்பது எல்.இ.டி. முன்னால் அலுமினிய வளையம். பின்னால் இரண்டு பின். விரலால் தள்ளினால் வெளியே வரும், அப்படியே சுவர் பிளக்கில் செருகி சார்ஜ் போடலாம். பெட்டியில் "1,00,000 மணி நேரம்" என்று அச்சடித்திருந்தது.

"லட்சம் மணின்னா எவ்ளோமா?" என்றார் அப்பா.

"ராத்திரி பகல் அணைக்காம எரிஞ்சா பதினோரு வருஷத்துக்கு மேல நைனா."

"அப்ப நான் இருக்குற வரைக்கும் எரியும்னு சொல்லு."

"உனக்கு அப்புறமும் எரியும்ணா," என்றார் கலியாணசுந்தரம். "வாரண்டி வேற ஒரு வருஷம்."

"இன்னாபா இது? லட்சம் மணி எரியும்ன்ற, ஒரு வருஷந்தான் எழுதிக் குடுக்கற?"

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று கடையில் சரியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வாரண்டி அட்டை இரண்டு பாகமாக இருந்தது. ஒன்றில் பெயர், தெரு, தேதி எழுதிக் கடையில் வைத்துக்கொண்டார்கள். மற்றதை அப்பா பில்லோடும் பெட்டியோடும் வீட்டுத் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆறு வாரத்தில் ஒன்பதில் நான்கு எல்.இ.டி. நீலம் பூத்து அணைந்தன. பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. எல்.இ.டி. சீக்கிரம் சாகிற பொருள் அல்ல. அதற்குள் போகும் மின்னோட்டத்தை ஒரு ரெசிஸ்டர் கட்டுப்படுத்த வேண்டும். அந்தச் சின்ன உறுப்பை விட்டுவிட்டு பேட்டரியோடு நேராக இணைத்தால் கடையில் பிரமாதமாக எரியும். எரிந்து எரிந்து தன்னையே தின்றுவிடும். அப்பாவிடம் அதைச் சொன்னேன். "கம்பெனிக்காரன் விட்டுட்டானா? சரி, அவனே போடட்டும்," என்றார்.

டார்ச் சென்னைக்குப் போனது. ஐந்து வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குப் போய்க் கேட்டார். கடைசியில் புதிது ஒன்று வந்தது. அதே மாடல். வாரண்டி மட்டும் பழைய தேதியில் இருந்துதான் கணக்கு.

"பாத்தியா? குடுத்துட்டான்," என்றார் என்னிடம். அவருக்கு அது பெரிய விஷயம். பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அவர் சொல்லைக் கேட்டு நெசவுக்காரர்கள் சிலர் அதே டார்ச்சை வாங்கினார்கள். யார் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்டோபரில் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் அன்று தறி, நாடா, ராட்டினம், கத்தரி, எடைக்கல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். கையில் எடுத்து வேலை செய்கிற எதையும் விடக் கூடாது. அம்மா அம்சவேணி நூல் சுற்றும் ராட்டினத்துக்குப் பொட்டு வைத்தாள். அப்பா சாம்பல் டப்பாவுக்கு வைத்தார். பிறகு டார்ச்சுக்கு மூன்று இடத்தில் வைத்தார். ஒரு பொட்டு பின் வெளியே வரும் வாய்க்கு நேராக.

மாதக் கடைசியில் டார்ச் சார்ஜ் நிற்காமல் போயிற்று. இரவெல்லாம் செருகி வைத்தாலும் காலையில் பத்து நிமிடம்தான் எரியும்.

நவம்பர் முதல் ஞாயிறு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா டார்ச்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்தார்.

"நீதான் படிச்சிருக்கியே. பிரிச்சிப் பாரேன்."

புரட்டிப் பார்த்தேன். இரண்டு திருகாணி. ஒன்றின் மேல் சீல். அதில் கடையின் தேதி முத்திரை.

"சீல் கிழிஞ்சா வாரண்டி போயிடும் நைனா. இன்னும் ஏழு மாசம் இருக்குது."

"நீ சரி பண்ணிட்டா வாரண்டி எதுக்குமா?"

"பண்ணலாம். ஆனா அப்புறம் எது கெட்டாலும் மாத்தித் தரமாட்டான். எங்க கம்பெனியிலயே தரமாட்டோம்."

அவர் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். "ஆமா. பிணைச்சவனே பாக்கட்டும்," என்றார். டார்ச்சைத் துண்டில் சுற்றி வைத்தார்.

இரண்டு நிமிட வேலை. பிரித்திருந்தால் உள்ளே என்ன இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். நான் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து நடந்ததை எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை; அப்பா போன பிறகுதான் கலியாணசுந்தரம் எங்களிடம் சொன்னார். நவம்பர் இருபதாம் தேதி வாக்கில் டார்ச் சென்னையிலிருந்து திரும்பி வந்தது. கூட ஒரு துண்டுச் சீட்டு. சார்ஜ் பின் பகுதியில் ஈரமும் அந்நியப் பொருளும், வாரண்டி பொருந்தாது. கலியாணசுந்தரம் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார்.

"அந்நியப் பொருளுன்னா?"

"சந்தனம்ணா. உள்ள பூந்துடுச்சாம். பூஜை போட்டா கம்பெனி இன்னா பண்ணுவான்?"

அப்பா சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாராம். பிறகு, "அப்ப என் கைதான்," என்றாராம். "பொண்ணுகிட்ட சொல்லாதபா. சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. பொட்டு வெச்சு கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

பழைய இரும்பு டார்ச் வீட்டில்தான் இருந்தது. ஆனால் ஐந்து மாதத்தில் அவர் கண் வெள்ளை வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது. இனி மஞ்சளில் இழை தெரியாது. கம்பெனியும் கைவிட்டது, என்னிடமும் கேட்க முடியாது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பேட்டரி செத்தாலும் சுவரில் செருகியிருக்கும்போது டார்ச் நன்றாகவே எரிந்தது. நீளமான ஒயர் ஒன்று வாங்கினார். ஒரு முனையில் பிளக், மறுமுனையில் சாக்கெட். சாக்கெட்டில் டார்ச்சைச் செருகி, வேலை செய்யும் வீட்டுக் குழி வரைக்கும் இழுத்துக்கொண்டார். சார்ஜ் தீர்வதே இல்லை. சந்தோஷப்பட்டாராம்.

நவம்பர் 30, ஞாயிறு. நான் கேட்டேன்.

"டார்ச்சு வந்துடுச்சா நைனா?"

"வந்துடுச்சிமா. இப்பதான் சூப்பரா எரியுது."

பேசிக்கொண்டே வலது கை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு கைக்கு?"

"ஒண்ணுமில்ல. வேலை செய்யறப்ப எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குனு இருக்குது. அப்புறம் போயிடுது."

"சுகரா இருக்கும். டெஸ்ட் எடுங்க."

"நான் எங்க சக்கரை தின்னேன்? உங்கம்மா காப்பியிலயே போட மாட்டா."

அம்மா உள்ளேயிருந்து, "தானே போட்டுக் கலந்து குடிக்கிறது நாலு டம்ளர், இதுல குறை வேற," என்றாள். சிரித்தோம். வெள்ளிக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு நானே சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனேன். வியாழக்கிழமை இறந்தார்.

அந்த நாளைப் பற்றி வேணுகோபால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மாற்றாமல் சொன்னார்.

அதற்கு முந்தின வாரம் விடாத மழை. மழைக்காலத்தில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறும். வேணுகோபால் வீட்டிலும் முழங்கால் அளவு நின்றது. வாளியால் இறைத்து, அடியில் சாக்கு போட்டிருந்தார்கள். சாக்கு நனைந்திருந்தது. தறி பன்னிரண்டு நாளாகச் சும்மா.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். ஒயரை இழுத்து, டார்ச்சைச் செருகி, தறிக் கட்டையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். குழியில் காலை வைத்ததும், "இன்னாபா, தறிக்குழின்னு சொல்லி கொளத்துல எறக்குற?" என்றார். ஏழிலிருந்து எட்டு வரை டார்ச் எரிந்தது. இரண்டு மூன்று முறை அதைக் கையால் திருப்பி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. டார்ச்சும் அணைந்தது. வாசல் வெளிச்சத்தில் மேல் இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தார். வேணுகோபாலின் மனைவி காப்பி கொடுத்தாள். ஒன்பதே முக்காலுக்குமேல் மேல்வரிசை முடிந்தது. அடியில் பார்க்க வேண்டும். டார்ச்சைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்தார். பின் தளர்வாக இருந்ததாம். சாக்கெட்டிலிருந்து உருவி, துண்டால் துடைத்து, மறுபடி செருகினார்.

"கரண்டு வர்றதுக்குள்ள இன்னாணா அவசரம்?" என்று வேணுகோபால் கேட்டார்.

"வந்துச்சின்னா இதுவே எரிஞ்சு காட்டும்பா. உன் கடிகாரத்த நம்ப வேணாம்."

வலது கையில், அலுமினிய வளையத்தைச் சுற்றிப் பிடித்திருந்தார். பாவுக்கு அடியில் தலையைக் குனிந்தார். இரண்டு காலும் நனைந்த சாக்கின் மேல்.

"ஃபேன் சுத்த ஆரம்பிச்சது மா," என்றார் வேணுகோபால். "கரண்டு வந்துடுச்சிணான்னேன். டார்ச்சு எரியுது. வெளிச்சம் பாவு வழியா கூரையில விழுது. அண்ணன் குனிஞ்சபடியே இருக்காரு. எதையோ உத்துப் பாக்குறாருன்னு நெனச்சேன். நான் வெத்தல போட்டுக்கினு அந்தாண்ட உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் இல்ல மா. ஒரு வெத்தல மடிக்கிற நேரம்."

அவர் அழுதார். நான் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். பின்னைத் துடைத்துச் செருகியபோது அதே பக்கம் செருகினாரா, திருப்பியா? வேணுகோபாலுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

போலீஸ் எடுத்துப்போன டார்ச் ஜனவரி முதல் வாரத்தில் திரும்பி வந்தது. சீல் கிழியாமல் இருந்தது. அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சீலைக் கிழித்தேன். இரண்டு திருகாணி.

எந்த சார்ஜரிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். சுவரில் இருந்து வரும் மின்சாரத்தையும் கையில் பிடிக்கும் பொருளையும் அதுதான் பிரிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உடலைத் தாக்கும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்ய எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு சார்ஜருக்கும் சோதனை உண்டு. இந்த டார்ச்சில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு கெபாசிட்டர், ஒரு திசையில் மட்டும் ஓடவிடும் நான்கு டையோடு, காய்ந்துபோன பேட்டரி. பேட்டரியின் ஒரு முனை அலுமினிய வளையத்தோடு ஒட்டியிருந்தது. ஆகவே செருகியிருக்கும் வரை சுவர் மின்சாரம் அந்த வளையம் வரைக்கும் வந்து நிற்கும். இரண்டு பின்னை ஒரு பக்கம் செருகினால் நடுவில் கெபாசிட்டர் குறுக்கே நிற்கும். எறும்பு கடிக்கும். திருப்பிச் செருகினால் நடுவில் வெறும் டையோடு. தடுக்க எதுவும் இல்லை. கால் காய்ந்த தரையில் இருந்தால் ஒருவேளை தப்பிக்கலாம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சந்தனம் பின் வாயின் வெளி விளிம்பில் மட்டும் இருந்தது. உள்ளே ஒரு துகள் கூட இல்லை. அப்பா எதையும் கெடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "இத்தன நாளும் என் கையால அரைச்ச சந்தனந்தான் காரணம்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள்.

கம்பெனிக்கு எழுதினேன். படம் வரைந்து, அளவு குறித்து, இதே மாடலைத் திரும்பப் பெறுங்கள், ஓர் ஆள் இறந்திருக்கிறார் என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சார்ஜ் ஏறும்போது டார்ச்சை எரிய விடக் கூடாது என்று பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கிறோம். மேலும் தங்கள் பொருளின் சீல் கிழிக்கப்பட்டிருப்பதால் மேற்கொண்டு ஆய்வு செய்ய இயலவில்லை. எழுதியவன் மேல் கோபம் வரவில்லை. அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று யோசித்தேன்.

கலியாணசுந்தரம் மிச்ச டார்ச்சுகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். விற்றுப்போனவை? கடையில் வைத்துக்கொண்ட வாரண்டி அட்டைப் பாதிகளை என்னிடம் கொடுத்தார். அறுபத்து மூன்று பெயர். ஜனவரியிலிருந்து ஞாயிறு தோறும் வீடு வீடாகப் போகிறேன். பிரித்து, பின்னை வெட்டி எடுத்துவிட்டு, கழற்றிச் செல் போடுகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார்கள். சில டார்ச்சுகள் முன்பே செத்துக் குப்பைக்குப் போயிருந்தன. அப்படிச் சீக்கிரம் செத்தவைதான் நல்லவை. சில அட்டைகளில் "திருப்புட்குழி" என்ற ஊர்ப் பெயருக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

போன ஞாயிறு அர்ஜுனன் வீட்டுக்குப் போனேன். அப்பா பதினைந்து வருடமாகப் பாவு பிணைத்த வீடு. அர்ஜுனன் சுடுகாடு வரை வந்தவர். தறிக்குப் பின்னால் சுவரில் டார்ச் செருகியிருந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒன்பதில் ஆறு அணைந்த டார்ச்.

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் மா. ஆனா நீ பிரிச்சா சீல் போயிடும்ல?"

"போயிடும்."

"ஜூலை வரைக்கும் வாரண்டி இருக்குது. ஆறு லைட்டு போயிடுச்சுன்னு குடுக்கலாம்னு இருக்கேன். உங்க நைனாவுக்கு மாத்திக் குடுத்தானே. அவருதான் சொன்னாரு, சீல மட்டும் தொடாத, அவனே பாப்பான்னு."

அந்த வார்த்தை எங்கிருந்து அப்பாவுக்குப் போனது என்று நான் அவரிடம் சொன்னேன். அர்ஜுனன் தலையை ஆட்டினார். ஆனால் எழுந்து போய் டார்ச்சைக் கழற்றவில்லை.

"வேற டார்ச்சு வாங்கித் தரேன். இத எங்கிட்ட குடுத்துடுங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "தப்பா நெனச்சுக்காத கண்ணு. மாசியில பொண்ணுக்குக் கல்யாணம். சாவு நடந்த வீட்ல இருந்து ஒரு சாமான் இப்ப வாங்கிக்க முடியாது."

 எங்கள் வீடாக இருந்தாலும் அம்மா அதையேதான் சொல்லியிருப்பாள்.

"செருகியிருக்கறப்ப மட்டும் கையில தொடாதீங்க," என்றேன். "ஸ்விட்ச அணைச்சிட்டு அப்புறம் எடுங்க. யாருமே தொடக் கூடாது."

"சரிமா. எங்க குழியில தண்ணி கெடையாது. உங்க நைனாவுக்கு அன்னிக்கு நேரம் சரியில்ல," என்றார் அர்ஜுனன். "ஜூலையில வா. வாரண்டி முடியட்டும். நீயே பிரிச்சுக்கோ."

நோட்டில் அவர் பெயருக்கு நேராக ஜூலை 12 என்று எழுதிக்கொண்டேன். செருப்பைப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். மணப்பெண் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் தறியைச் சுற்றி ஓடியது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். "ஸ்விட்ச் முதல்ல," என்று வாசலில் இருந்தே கத்தினேன். அவள் திடுக்கிட்டு நின்று, யாரிது என்பது போல என்னைப் பார்த்தாள்.